மதுவும் சிகரெட்டும் சேரும்போது: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களுக்கு அறுவை சிகிச்சை செய்பவள் நான். ஆறாத வாய்ப்புண் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் குடியைப் பற்றியோ சிகரெட்டைப் பற்றியோ கேட்டிருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்கள் குறைவு. நானோ இரண்டையும் சேர்த்தே பேச விரும்புகிறேன். காரணம் முதல் பதிலிலேயே புரியும்.

நான் தினமும் சிகரெட் பிடிப்பவன் இல்லை. வார இறுதியில் நண்பர்களோடு குடிக்கும்போது மட்டும்தான் புகைப்பேன். அன்று எத்தனை சிகரெட் என்று கணக்கு இருக்காது. மற்ற நாட்களில் தொடுவதே இல்லை. இதில் பெரிய ஆபத்து இல்லைதானே டாக்டர்?
– 34 வயது வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது அந்தக் ‘குடிக்கும்போது மட்டும்’தான். சிகரெட்டுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நேரம், வாய்க்கும் தொண்டைக்கும் ரொம்பவே மோசமான நேரம்.

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. பென்சோபைரீன், புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் போன்றவை அதில் அடங்கும். இவை உமிழ்நீரில் கலந்து வாயின் உள்தோலில் படிகின்றன. அந்தத் தோல் ஓரளவுக்குத் தடுப்பாகத்தான் இருக்கிறது. மது அங்கே பட்டதும் அந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. சாதாரணமாக மேலோடு நின்றுவிடக்கூடிய பொருட்கள் ஆழத்தில் இருக்கும் செல்கள்வரை இறங்குகின்றன. பூட்டை உடைத்துக் கொடுப்பவனும் உள்ளே புகுந்து திருடுபவனும் ஒரே இரவில் சேர்ந்து வருவது மாதிரி.

மது சும்மா வழிவிட்டுக்கொண்டும் நிற்பதில்லை. எந்த மதுவிலும் இருப்பது எத்தனால். அதை உடல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற பொருளாக மாற்றுகிறது, பிறகுதான் அதைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றுகிறது. நடுவில் வரும் இந்த அசிட்டால்டிஹைடு செல்லின் டி.என்.ஏ.வோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்பட்ட சேதத்தைச் செல் தானே சரிசெய்துகொள்ளும் வேலையையும் கெடுக்கும். கல்லீரலுக்கு இதை வேகமாக அப்புறப்படுத்தும் திறமை இருக்கிறது. வாயில் நிலைமை வேறு. அங்குள்ள பாக்டீரியாக்களே எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றிவிடும், ஆனால் அதை அகற்றும் வசதி வாய்க்குக் குறைவு. போதாக்குறைக்குச் சிகரெட் புகையிலும் அசிட்டால்டிஹைடு உண்டு. ஒரு வாய் மது, ஒரு இழுப்பு புகை என்று மாறி மாறிப் போகும்போது உமிழ்நீரில் அதன் அளவு தனித்தனியாக இருப்பதைவிட ஏறிவிடுகிறது.

நோயாளியின் வாயைப் பரிசோதிக்கும்போது நான் முதலில் நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்ப்பேன். அப்புறம் நாக்கின் இரண்டு ஓரங்கள். உமிழ்நீர் தேங்கும் இடங்கள் இவை. குடியும் புகையும் சேர்ந்தவர்களுக்குக் கட்டி அதிகம் தோன்றும் இடங்களும் இவைதான். இன்னும் கீழே போனால் உள்நாக்குப் பகுதி, தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய். விழுங்கிய மதுவும் இழுத்த புகையும் போகிற வழி முழுக்க இதே கதைதான்.

1988-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு இந்தக் கூட்டணியை எண்ணில் காட்டியது. தினமும் 2 பாக்கெட்டோ அதற்கு மேலோ புகைத்து, 4 பானங்களுக்கு மேல் (ஒரு பானம் என்பது ஏறத்தாழ ஒரு கோப்பை ஒயினில் உள்ள அளவு மது) குடித்தும் வந்தவர்களை இரண்டையும் தொடாதவர்களோடு ஒப்பிட்டார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் 35 மடங்குக்கு மேல் இருந்தது. மதுவின் பங்கையும் சிகரெட்டின் பங்கையும் வெறுமனே கூட்டினால் இவ்வளவு வராது. ஒன்றை இன்னொன்று பெருக்குகிறது.

நீங்கள் அந்த அளவுக்குப் போகிறவர் இல்லை, 35 என்ற எண்ணை உங்கள் தலையில் வைக்க மாட்டேன். ஆனால் பெருக்கல் உங்களுக்கும் பெருக்கல்தான். உங்கள் வாரத்துச் சிகரெட் முழுவதும், ஒன்று விடாமல், மதுவில் நனைந்த வாய்க்குள்தான் போகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், முதலில் சிகரெட்டை விடுங்கள். தினமும் புகைப்பவர்களைவிட உங்களுக்கு இது சுலபம். அதற்கு ஒரு வழியும் இருக்கிறது: விட்ட முதல் சில வாரங்களுக்கு மதுவையும் தள்ளி வையுங்கள். விட்டவர்கள் மறுபடி தொடங்கும் இடம் பெரும்பாலும் குடிக்கும் மேசைதான். கையில் கோப்பை வந்ததும் மூளை சிகரெட்டைத் தேடும், உறுதியும் அந்த நேரத்தில் இளகியிருக்கும். அந்த வாரங்கள் கழிந்தபின் மதுவையும் குறைத்துக்கொண்டே வந்து விட்டுவிட்டால் உங்களைவிட நான் மகிழ்வேன்.

பீர் மட்டும்தான் குடிக்கிறேன். விஸ்கி, பிராந்தி மாதிரி அது ஆபத்து இல்லை என்கிறார்களே?
– வாசகர்

இல்லை. புற்றுநோய் விஷயத்தில் கணக்கு எத்தனாலுக்குத்தான், பாட்டில் மேல் ஒட்டியிருக்கும் பெயருக்கு இல்லை. நீங்களே போட்டுப் பாருங்கள். 40 சதவீத விஸ்கி 30 மில்லியில் சுமார் 9.5 கிராம் எத்தனால் இருக்கிறது. 5 சதவீத பீர் 330 மில்லியில் சுமார் 13 கிராம். 12 சதவீத ஒயின் 150 மில்லியில் சுமார் 14 கிராம். ஒரு பீர் குடித்தவர் ஒரு சின்ன பெக் குடித்தவரைவிட அதிகமாகவே எத்தனாலை உள்ளே அனுப்பியிருக்கிறார்.

புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை மது பானங்களை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்தது 1988-இல். அதில் பீருக்கு விலக்கு எதுவும் இல்லை. புகையிலைப் புகை அதற்கு முன்பே அந்தப் பட்டியலுக்கு வந்துவிட்டது.

நான் ஆசிரியை. வாழ்க்கையில் சிகரெட்டைத் தொட்டதில்லை. இரவு உணவோடு ஒரு கோப்பை ரெட் ஒயின் குடிப்பது இதயத்துக்கு நல்லது என்று படித்து, சில வருடங்களாகப் பழக்கமாகிவிட்டது. புற்றுநோய் என்று பார்த்தால் என்னைப் போன்றவர்கள் பயப்பட வேண்டுமா?
– 46 வயது வாசகி

பயப்பட வேண்டாம் அம்மா. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த விஷயம் பெண்களுக்குச் சரியாகச் சொல்லப்படவே இல்லை. மது என்றால் கல்லீரல் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். மதுவோடு தொடர்பு உறுதியான புற்றுநோய்கள் ஏழு இடங்களில் வருகின்றன: வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல்–மலக்குடல், பெண்களின் மார்பகம். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகரெட் துணைகூடத் தேவையில்லை, மது மட்டுமே போதும். ஈஸ்ட்ரோஜன் அளவை மது உயர்த்துவது அதற்கு ஒரு காரணம். தினசரி ஒவ்வொரு 10 கிராம் எத்தனாலுக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்று, பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2002-இல் கணித்தார்கள். உங்கள் கோப்பையில் 10 கிராமுக்கு மேல் இருக்கிறது.

சதவீதம் மட்டும் சொன்னால் அளவு பிடிபடாது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிவுரையில் இதைத் தெளிவாகப் போட்டிருந்தார்கள். வாரத்துக்கு ஒரு பானத்துக்கும் குறைவாகக் குடிக்கும் 100 பெண்களில் சுமார் 17 பேருக்கு மதுவோடு தொடர்புடைய புற்றுநோய்களில் ஒன்று வாழ்நாளில் வரும். தினம் ஒன்று குடிப்பவர்களில் 19 பேர், தினம் இரண்டு என்றால் 22 பேர். அதாவது தினம் ஒரு கோப்பையால் 100 பெண்களில் கூடுதலாக 2 பேர். இதைச் சின்ன எண் என்று நினைப்பதும் பெரிய எண் என்று நினைப்பதும் உங்கள் முடிவு. தெரிந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

இதயத்துக்கு நல்லது என்பதற்காகத்தான் குடிக்கிறீர்கள் என்றால் அந்தக் காரணத்தை இன்றே விட்டுவிடலாம். அளவோடு குடிப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிந்த பழைய ஆய்வுகள் பலவற்றில், உடல்நலம் கெட்டு மதுவை நிறுத்தியவர்களையும் ‘குடிக்காதவர்கள்’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதனால் குடிப்பவர்கள் நன்றாக இருப்பது போன்ற தோற்றம் கிடைத்தது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது.

குடித்து முடித்ததும் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டால்?
– வாசகர்

பயனில்லை. ரத்தத்தில் கலந்த மது உமிழ்நீரிலும் வந்துகொண்டே இருக்கும். நீங்கள் தூங்கும்போதுகூட வாயில் அசிட்டால்டிஹைடு உருவாகிக்கொண்டிருக்கும்.

என் தாத்தா 90 வயது வரை புகைத்தார், குடித்தார். நோய் என்று படுத்ததே இல்லை. எதுவும் தொடாத என் அத்தைக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. அப்படியென்றால் எல்லாம் விதிதானே?
– வாசகர்

உங்கள் அத்தைக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம் தருகிறது. புகைக்காதவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வரும் என்பது உண்மை. பிறர் விடும் புகையும் அதற்கு ஒரு காரணம். புகைக்கும் கணவர்களோடு வாழ்ந்த, தாங்கள் புகைக்காத மனைவிகளுக்கு இந்த நோய் அதிகம் வந்ததை ஹிராயாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் 1981-இல் காட்டினார். அத்தையின் வீட்டில் யார் புகைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அதனால் அவருக்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன்.

தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். 90 வரை இருந்தவரைக் குடும்பமே நினைவில் வைத்திருக்கும். 52-இல் போனவரை உதாரணமாகக் காட்டி எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஒரு வீட்டை மட்டும் பார்த்தால் எதையும் நிரூபித்துவிடலாம். அதனால்தான் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1951-இல் தங்கள் நாட்டு மருத்துவர்களுக்கே கடிதம் எழுதி, அவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அந்த ஆய்வு 34,439 ஆண் மருத்துவர்களை 50 வருடம் தொடர்ந்தது. தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 வருடம் முன்னதாக இறந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்காவது சாவு புகையால் வந்தது. மிச்சம் இருந்த பாதியில் உங்கள் தாத்தா மாதிரியானவர்களும் உண்டு.

யார் எந்தப் பாதி என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இன்று இல்லை. விஷப் பொருட்களை அகற்றும் என்சைம்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. கிழக்கு ஆசியர்கள் பலருக்கு அசிட்டால்டிஹைடை அகற்றும் என்சைம் பிறவியிலேயே மந்தம். கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்துவிடும், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயமும் அவர்களுக்குக் கூடுதல். தாத்தாவிடம் எது நல்லபடியாக அமைந்திருந்ததோ, அது உங்களிடமும் இருக்கிறது என்று எண்ணிப் பந்தயம் கட்டாதீர்கள்.

லைட் சிகரெட்டுக்கு மாறிவிட்டேன். ஃபில்டரும் இருக்கிறது. அபாயம் குறையும்தானே?
– வாசகர்

குறையாது. நிக்கோட்டின் குறைவாக வரும்போது அதை ஈடுகட்ட ஆழமாகவும் நீளமாகவும் இழுப்பீர்கள், உங்களுக்கே தெரியாமல். ஃபில்டரில் உள்ள காற்றுத் துளைகளை விரலோ உதடோ மூடிவிடும். சிகரெட்டின் வடிவத்தில் 1950-களுக்குப் பிறகு செய்த மாற்றங்கள், நுரையீரலின் விளிம்புப் பகுதிகளில் வரும் அடினோகார்சினோமா வகைப் புற்றுநோயைக் கூட்டியிருக்கின்றன என்பது அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 2014 அறிக்கையின் முடிவு.

எனக்கு வயது 58. 35 வருடப் புகைப்பழக்கம். இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது டாக்டர்? கெட்டது கெட்டதுதானே?
– ஓய்வுபெற்ற வாசகர்

ஐயா, மேலே சொன்ன அதே மருத்துவர்கள் ஆய்வில் இதற்கும் பதில் இருக்கிறது. 30 வயதில் விட்டவர்களுக்கு இழக்க இருந்த ஆயுளில் சுமார் 10 வருடம் திரும்பக் கிடைத்தது. 40-இல் விட்டவர்களுக்கு 9, 50-இல் 6, 60-இல் விட்டவர்களுக்குக்கூட 3 வருடம். உங்களுக்கு இன்னும் 60 ஆகவில்லை.

நுரையீரல் புற்றுநோயில் ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட எத்தனை வருடம் என்பதே பெரிய சுமை. அதனால் கூட்டாமல் நிறுத்தும் ஒவ்வொரு வருடமும் கணக்கில் வரும். விட்டு 10 வருடத்தில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், இந்த அபாயம் ஏறத்தாழ பாதியாகிறது. வாய், தொண்டை, குரல்வளைக்கு 5 முதல் 10 வருடத்துக்குள் பாதி. மது பற்றியும் நல்ல செய்தி உண்டு. குடியைக் குறைத்தாலோ விட்டாலோ வாய், உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் குறைகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாகச் சர்வதேச முகமை 2023-இல் அறிவித்தது.

நிக்கோட்டின் ஏக்கம் விட்ட முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பிறகு சில வாரங்களில் தணியும். மன உறுதி போதும் என்று தனியாகப் போராட வேண்டாம். நிக்கோட்டின் சூயிங்கம், பேட்ச், வேரனிக்ளின் மாத்திரை எல்லாம் இருக்கின்றன. மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கும் இத்தனை வருடப் பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க எடுக்கும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

நாக்கில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எல்லாம் சரி என்கிறார்கள். விருந்தில் ஒரே ஒரு பெக், ஒரு சிகரெட் எடுத்துக்கொண்டால் தவறா?
– 47 வயது வாசகர்

வேண்டாம். இந்தப் பக்கத்தில் எதையாவது கெஞ்சிக் கேட்கிறேன் என்றால் இதைத்தான்.

கட்டி ஒரு இடத்தில் வந்தது, அதை எடுத்தாயிற்று. ஆனால் அத்தனை வருடம் புகையும் மதுவும் பட்டது நாக்கின் அந்த ஒரு மூலையில் மட்டும் இல்லை. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றின் உள்தோலிலும் பட்டிருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்திலும் செல்கள் பாதி தூரம் கெட்டுப்போயிருக்கலாம். அதனால்தான் முதல் புற்றுநோய் குணமானவர்களுக்குச் சில வருடங்களில் வேறொரு இடத்தில் புதிதாக இரண்டாவது வருகிறது. முதல் கட்டிக்கு நாக்கில் ஒரு பகுதியை எடுத்துச் சமாளித்துவிடுகிறோம். ஏற்கெனவே கதிர்வீச்சு பட்ட கழுத்தில் இரண்டாவது வரும்போது, எங்கள் கையில் இருக்கும் வழிகள் மிகவும் குறைந்துவிடுகின்றன. குரல்வளையை முழுவதும் எடுத்தவர்கள் கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சுவிட்டு, மறுபடி பேசப் பழகுவதை அருகில் இருந்து பார்ப்பவள் நான்.

சிகிச்சை இன்னும் முடியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். கதிர்வீச்சு நாட்களில் புகைத்தால் சிகிச்சையே வலுவிழக்கும். 1993-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், சிகிச்சையின்போது தொடர்ந்து புகைத்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளில் 39 சதவீதம் பேர்தான் இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். புகைக்காமல் இருந்தவர்களில் 66 சதவீதம்.

என் கணவர் பல வருடங்களாகக் காலையிலிருந்தே குடிப்பவர். தினம் ஒரு பாக்கெட் சிகரெட்டும் உண்டு. ஒரு மாதத்துக்கு மேலாகக் குரல் கம்மிவிட்டது, ஒரு பக்கக் காது வலிக்கிறது என்கிறார். தொண்டையில் பயாப்ஸி (சிறிது சதை எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பயந்துபோய், நாளையிலிருந்து இரண்டையும் ஒரேயடியாக விட்டுவிடுகிறேன் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அம்மா, சிகரெட்டை நாளை என்ன, இன்றே விடலாம். எரிச்சல் வரும், தூக்கம் கெடும், உயிருக்கு ஆபத்து இல்லை.

மதுவை மட்டும் வீட்டில் வைத்துத் திடீரென்று நிறுத்த விடாதீர்கள். காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிறது என்றால் உடல் அதற்கு அடிமையாகிவிட்டது என்று பொருள். ஒரேயடியாக நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்காவது நாளுக்குள் இடம், ஆள் தெரியாத குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. மருத்துவர் மேற்பார்வையில், மருந்தோடும் வைட்டமின் பி1 ஊசியோடும் நிறுத்தினால் சில நாட்களில் பத்திரமாகக் கடந்துவிடலாம். குடி மறுவாழ்வுப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கோ மனநல மருத்துவரிடமோ உடனே அழைத்துப் போங்கள். அதுவரை அவரைத் தனியாக விடாதீர்கள். நடுக்கமோ குழப்பமோ தொடங்கிவிட்டால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

பயாப்ஸி எடுக்கும் மருத்துவரிடம் அவர் தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார் என்று உள்ளபடி சொல்லுங்கள். வெட்கப்பட்டுப் பாதியாகக் குறைத்துச் சொல்லும் குடும்பங்கள் நிறைய. மயக்க மருந்து கொடுப்பவருக்கு அந்த அளவு அவசியம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அறுவை முடிந்து வார்டில் படுத்திருக்கும்போது வலிப்பு வந்துவிடலாம்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருப்பதும், கூடவே ஒரு பக்கக் காது வலியும் உடனே பார்க்க வேண்டிய அறிகுறிகள். அதனால் குடியை முதலில் நிறுத்திவிட்டு அப்புறம் பயாப்ஸி பார்த்துக்கொள்ளலாம் என்று தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். குரல்வளையில் ஆரம்ப நிலையில் பிடிபட்ட கட்டிகளைக் குரல் போகாமலேயே குணப்படுத்த முடிகிறது. முடிவு வந்ததும் அறிக்கையின் நகலோடு எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.